உக்ரைன் எல்லையும் மலர்கொடியின் நாலடியும்

நிலம் அளக்கிற தொழிலில் எந்த வீட்டுக்குப் போனாலும் தகராறு பண்ணும் இரண்டு பேரில் ஒருவர் காப்பி கொடுப்பார், இன்னொருவர் சாபம் கொடுப்பார். அளந்து முடித்ததும் இருவரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள்.

நான் ஆம்பூரில் லைசென்ஸ் வாங்கிய தனியார் சர்வேயர். இருபத்திரண்டு வருஷமாக இந்த வட்டாரத்து மதில்களோடும் வரப்புகளோடும் மாரடித்துக்கொண்டிருக்கிறேன். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பவர் டில்லிபாபு. என்னைவிட ஆறு வயது மூத்தவர், என்னைவிட அறுபது மடங்கு பேசுபவர். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரே மதிலைப் பங்கு போட்டுக்கொண்டு வாழும் வாசகர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததிலிருந்து என் தொழிலில் ஒரு புதுத் தொந்தரவு சேர்ந்துவிட்டது. முன்பெல்லாம் நான் டேப்பை நீட்டினால் ஜனங்கள் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது உலக அரசியல் பேசுகிறார்கள். எல்லைக்கல்லைத் தேடி முள்ளுக்குள் குனிந்திருக்கும் மனிதனிடம், "நீங்க இன்னா சார் நினைக்கிறீங்க, அவன் செஞ்சது நியாயமா?" என்று கேட்டால் அவன் என்னதான் சொல்வான்? நல்லவேளையாக யாரும் என் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அவரவர் தீர்ப்பை அவரவரே சொல்லிவிடுகிறார்கள்.

பாகாயத்து நியாயம்

பாகாயத்தில் ஒரு ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். வரவேற்பறையில் பெரிய உலகப் படம் மாட்டி, சண்டை நடக்கும் ஊர்களில் எல்லாம் சிவப்புக் குண்டூசி குத்தி வைத்திருந்தார். நான் உட்காருவதற்குள் பாடம் தொடங்கிவிட்டது. "ஒரு சுதந்திர நாட்டுக்குள்ள டாங்கி ஓட்டினு போறான். கேட்டா, நாங்கல்லாம் ஒரே ரத்தம், ஒரே குடும்பம்னு சொல்றான். இன்னா அக்கிரமம் சார் இது!" சொல்லும்போதே அவர் கண் கலங்கியது. எனக்கும் மனசு இளகிவிட்டது. நல்ல மனிதர் என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு முக்கால் மணி நேரம் தாங்கியது.

அவருக்கும் பக்கத்து மனைக்காரருக்கும் தகராறு. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார். அளந்து பார்த்தால் வாத்தியாரின் மாடிப்படி இரண்டேகால் அடி அந்தப் பக்கத்தில் இறங்குகிறது. அதுகூடப் போகட்டும், செப்டிக் டேங்க் முழுசாகவே அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறது. பக்கத்து மனைக்காரர் வேறு யாருமில்லை, வாத்தியாரின் சொந்தத் தம்பி. விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். டில்லிபாபு சும்மா இருக்காமல் அந்த உலகப் படத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மாடிப்படியையும் ஒரு தடவை பார்த்தார். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கணக்கு விளக்குகிற பொறுமையோடு சொன்னார்:

"அது நாட்டுக்கு நாடு சார். இது அண்ணன் தம்பிக்குள்ள."

கலவையில் ஒரு சாண்

கலவைப் பக்கத்தில் ஏழுமலை என்று ஒரு விவசாயி. வேர்க்கடலை போட்டிருந்தார். பட்டாவில் இருப்பது ஐம்பது சென்ட், கையில் இருப்பது ஐம்பத்தேழு. பக்கத்து நிலத்துக்காரர் பெங்களூரில் வேலை. பொங்கலுக்கு மட்டும் வந்து வரப்பில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறவர். அந்த வரப்பு வருஷா வருஷம் தன் நிலத்துக்குள் தள்ளித் தள்ளி வருவதை அவர் கவனிக்கவில்லை. மகன்தான் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்பா, தென்னமரம் எப்படிப்பா நம்ம நிலத்திலேர்ந்து அவங்க நிலத்துக்குப் போச்சு?" என்று கேட்டானாம். உடனே எனக்கு போன்.

ஏழுமலைக்கு என்மேல் துளிகூடக் கோபமில்லை. பச்சைக் கடலையைச் செடியோடு பிடுங்கி எங்கள் கையில் கொடுத்துவிட்டு, ஏழு சென்ட் எப்படி வந்தது என்பதற்கு, "நிலமும் மனுசன் மாதிரிதான் சார், வயசானா சுத்தளவு ஏறும்" என்று காரணமும் சொன்னார். பிறகு, நான் எதிர்பார்த்தபடியே, பேச்சு உக்ரைனுக்குப் போனது. ரஷ்யாக்காரன் மேல் அவருக்கு மரியாதை உண்டு என்றும் ஆனால் வேலை தெரியாத ஆள் என்றும் வருத்தப்பட்டார். என்ன வேலை தெரியவில்லை என்று கேட்டேன். மண்வெட்டியை வரப்பில் ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"ஒரேயடியா பூந்தான் பாரு, அதான் சார் தப்பு. வருசத்துக்கு ஒரு சாண் எடுத்திருந்தா எவன் கேட்டிருப்பான்?"

டீக்கடைத் தீர்ப்பு

பிறரைப் பற்றியே சொன்னால் எப்படி? என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். என் ஆபீஸுக்குக் கீழே காதர் பாயின் டீக்கடை. அங்கே ஒரு டிவி உண்டு. அன்று அதில் இடிந்த அடுக்குமாடியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் நாலு பேர் கேட்கிறார்கள் என்றதும் எனக்குள் இருந்த அறிஞர் விழித்துக்கொண்டார். "பெரியவன்கிட்ட மோதி ஆகுமா? கேட்டதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துட்டு மிச்சத்த வெச்சினு நிம்மதியா இருக்கலாம் இல்ல? எல்லையில வாழத் தெரியணும்பா" என்றேன். எல்லை விஷயத்தில் நான் நிபுணன் என்பதால் நாலு பேரும் தலையாட்டினார்கள். காதர் பாய் மட்டும், "சர்க்கரை ஜாஸ்தியா கம்மியா, அத மட்டும் சொல்லுங்க" என்றார்.

பெஞ்சு ஓரத்தில் ஒரு பெண்மணி நின்றிருந்தார். நாற்பது வயதிருக்கும். ஷூ கம்பெனியின் நீலக் கோட்டு, கையில் டிபன் பை, பைக்குள்ளிருந்து ஒரு பத்திரக் காகிதம் எட்டிப் பார்த்தது. நான் உலகத்துக்குச் சமாதானம் வழங்கி முடிக்கும்வரை மரியாதையாகக் காத்திருந்தார். பெயர் மலர்கொடி. பதினெட்டு வருஷம் மிஷினில் ஷூ மேல்தோல் தைத்துச் சேர்த்த காசில் பைபாஸ் பக்கம் இரண்டு சென்ட் மனை வாங்கியிருக்கிறார். இருபதடி அகலம். வீட்டு பிளானும் இருபதடிக்குப் போட்டு லோனுக்குக் கொடுத்தாகிவிட்டது. இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். கடக்கால் தோண்ட மேஸ்திரி வந்து கயிறு பிடித்திருக்கிறார், அகலம் பதினாறடிதான் வருகிறது. கணக்குச் சரியில்லையே என்று என்னிடம் வந்திருந்தார்.

"அளக்குறவரு நீங்கதானே சார்? நாலடி காணாம போச்சு. கண்டுபிடிச்சுத் தரணும்."

வெள்ளைப்புறா மண்டபம்

நாலடியைக் கண்டுபிடிப்பதற்குத் துப்பறியும் மூளை தேவைப்படவில்லை. மலர்கொடியின் மனையை ஒட்டி ஒரு கல்யாண மண்டபம், ஒட்டி என்ன, கொஞ்சம் ஏறியே. மண்டபத்தின் மதில் புதுசாகச் சுண்ணாம்பு அடித்து மலர்கொடியின் மனைக்குள் நாலடி வந்து நிமிர்ந்து நின்றது. எல்லைக்கல் எங்கே என்று தேடினால் ஒன்றுகூட இல்லை. மண்டபம் கட்டும்போது ஜேசிபி வைத்துத் துடைத்திருந்தார்கள். கல் இல்லாத இடத்தில் சர்வேயர் என்பவன் வெயிலில் நிற்கும் ஒரு சாதாரண ஆள். கல் இல்லாமல் அளக்க முடியாதும்மா என்று மலர்கொடியிடம் கையை விரித்தேன்.

மண்டபத்துக்காரர் முனிரத்தினம் எங்களை ஏசி ரூமுக்குள் அழைத்துப்போய் உட்கார வைத்தார். மோர் வந்தது. அடுத்து பிரியாணி வந்தது, கத்திரிக்காய் பச்சடியோடு. டில்லிபாபு நடுநிலை தவறாமல் இரண்டு பிளேட் சாப்பிட்டார். முனிரத்தினம் தன் செல்போனை எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைக் காட்டினார். உக்ரைன் கொடி, அதன்மேல் ஒரு வெள்ளைப்புறா, கீழே "சின்ன நாடுகளை வாழ விடுங்கள்" என்று எழுத்து. சண்டை தொடங்கிய நாளிலிருந்து வாரம் ஒன்று தவறாமல் போடுகிறாராம். "மனசு தாங்கல சார், இந்த அநியாயத்த யாராவது கேக்கணும்" என்றார். நானும் சரிதான் என்று வாயைத் துடைத்துக்கொண்டு, அப்படியே மதில் விஷயத்துக்கு வந்தேன். அது கார் நிறுத்துகிற இடத்துக்காகக் கொஞ்சம் நகர்ந்தது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அதை நகர்த்தியதற்கு வேறு ஆழமான காரணம் உண்டு என்று குரலைத் தாழ்த்தினார்:

"எனக்கு ஒரு பாதுகாப்பு வேணாமா சார்? நாளைக்கு அந்தம்மா அங்க மீன் கடை போட்டா என் மண்டபத்துக்கு எவன் வருவான்?"

பனிக்கால பூட்ஸ்

அந்த வாரமே மலர்கொடி வேலை செய்கிற கம்பெனியிலும் எனக்கு வேலை. பின்பக்கம் ஷெட் போடப் போகிறார்கள், அளக்க வேண்டும். வழியில் தையல் ஹால். நூற்றுக்கணக்கான மிஷின்களின் சத்தத்துக்கு நடுவில் மலர்கொடி முழங்கால் உயர பூட்ஸுக்கு உள்ளே கம்பளி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். நம்மூர் வெயிலில் அதைப் பார்த்ததுமே எனக்கு வேர்த்தது. தலையசைத்தார், கை நிற்கவில்லை. ஒரு மணிக்கு இத்தனை ஜோடி என்று பலகையில் எழுதி வைத்திருக்கிறார்களே, எப்படி நிற்கும்?

புரொடக்‌ஷன் மேனேஜரிடம், இத்தனை பெரிய பூட்ஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று சும்மா கேட்டேன். ஏதோ ஒரு மூன்றாவது நாட்டு ஏஜென்ட் வாங்குகிறானாம். அங்கிருந்து எங்கே போகிறது என்று இவர் கேட்பதில்லையாம், கேட்டால் ஆர்டர் போய்விடுமாம். சண்டை நடக்கிற பக்கமா என்றேன். சண்டையில் இருக்கிற இரண்டு பக்கமும் பனிதானே, காலுக்குக் கட்சி ஏது என்றார். பேசப் பேச அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த சாமிப் படத்தைப் பார்த்தபடி சொன்னார்:

"சண்டை நிக்கணும்னுதான் சார் நானும் டெய்லி வேண்டிக்கிறேன். ஆனா இந்தக் கன்டெய்னர் ஏறினப்புறம் நிக்கட்டும்."

சமாதானப் பேச்சுவார்த்தை

மலர்கொடி விடவில்லை, தாலுகா ஆபீஸில் மனுப் போட்டுவிட்டார். உடனே சமாதானத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் எல்லாம் கிளம்பினார்கள். மண்டபத்திலேயே கூட்டம். நடுவில் வார்டு கவுன்சிலர், அவருக்கு இந்தப் பக்கம் முனிரத்தினம், அந்தப் பக்கம் தொழில் தெரிந்தவன் என்ற பெயரில் நான். எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கம்பெனிக் கோட்டோடு மலர்கொடி தனியாக.

கவுன்சிலர் தன் திட்டத்தை வெளியிட்டார். "தோ பாரும்மா, நடந்தது நடந்துபோச்சு. மதில் இப்ப இருக்கிறபடி இருக்கட்டும். இனிமே அவரு ஒரு இஞ்ச் நகர்த்த மாட்டாரு, அதுக்கு நான் பொறுப்பு. நீயும் மனுவ வாபஸ் வாங்கிடு. உன் பொண்ணுங்க கல்யாணத்துக்கு மண்டபம் பாதி வாடகைக்குத் தர்றாரு. பெரியவங்ககிட்ட மொறச்சிகினா பேஜாரு உனக்குத்தான்." முனிரத்தினம் பாதி வாடகை என்றதற்குத் தியாகிபோல் கண்ணை மூடித் திறந்தார். மலர்கொடி பதினாறடியில் பிளான் நிற்காது, லோன் வராது, பிள்ளைகளோடு எங்கே போவேன் என்று கேட்டார். கவுன்சிலர் என் பக்கம் திரும்பினார். உடனே நான், "பெரியவங்ககிட்ட மோதி ஆகுமாம்மா? கொஞ்சம் விட்டுக்கொடுத்துட்டு மிச்சத்த வெச்சினு..." என்று ஆரம்பித்தேன். மலர்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அன்னிக்கு டீக்கடையில அந்தச் சின்ன நாட்டுக்கும் இதையேதான் சொன்னீங்க சார். உங்க ஊட்ல எவனாச்சும் நாலடி உள்ள வந்தா, உங்களுக்கும் இதையே சொல்லிக்குவீங்களா?"

அம்மனின் நெற்றிச்சுட்டி

வெட்கமாகப் போய்விட்டது. மறைக்காமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கல் இல்லாத இடத்தை அளக்க முடியாது என்று நான் சொன்னதும் பாதிப் பொய்தான். அரை கிலோமீட்டர் தள்ளி ஏரி மதகுப் பக்கத்தில் பழைய கல் ஒன்று இருக்கிறது. அங்கிருந்து, நிலத்தின் அளவுகளைக் குறித்த அரசாங்கப் புலப்படத்தை வைத்துக்கொண்டு புள்ளி புள்ளியாக அளந்து வரலாம். ஒரு முழு நாள் வெயிலில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். அந்தச் சோம்பலுக்குத்தான் நான் சமாதானம் என்று பெயர் வைத்திருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்காலியில் அளக்கும் கருவியை ஏற்றிக்கொண்டு மதகிலிருந்து கிளம்பினோம். மண்டபத்தில் கல்யாணம். கருவியை வீடியோ கேமரா என்று நினைத்து மாப்பிள்ளை வீட்டார் நின்று தலை சீவிக்கொண்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கணக்கு முடிந்தது. மூன்று சர்வே நம்பர்கள் சேரும் மூலைக்கல், அதாவது மலர்கொடி மனையின் பின்மூலை, மதிலுக்கு அந்தப் பக்கம் சரியாக நாலடியில், மண்டபத்துச் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். எட்டிப் பார்த்தோம். வேப்பமரத்தடியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புப் பாவாடை கட்டி, வெள்ளிக் கண்மலர் பதித்து, கன்னியம்மா உட்கார்ந்திருந்தாள்.

விசாரித்ததில் கதை தெரிந்தது. மண்டபம் கட்டியபோது எல்லாக் கல்லையும் பிடுங்கிய ஜேசிபி இந்த ஒரு கல்லிடம் வந்ததும் எண்ணெய்க் குழாய் வெடித்து நின்றுவிட்டதாம். முனிரத்தினத்தின் மனைவி சரோஜா ஓடிவந்து, இது கல் இல்லை, கன்னியம்மா என்று மஞ்சள் பூசிவிட்டார். அன்றிலிருந்து அங்கே கல்யாணம் செய்கிற ஒவ்வொரு பெண்ணும் முதலில் இவளைத்தான் கும்பிட வேண்டும். திருட்டுக்குச் சாட்சியைத் தினமும் பூப்போட்டுப் பாதுகாத்த குடும்பத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

ஆனால் கல் இதுதான் என்று உறுதி செய்ய வேண்டும். சர்வே கல் என்றால் தலையில் உளியால் வெட்டிய குறி இருக்கும். சாமியின் தலையைச் சுரண்ட யாருக்குத் தைரியம்? வெள்ளிக்கிழமை நானே வேட்டி கட்டிக்கொண்டு போய் என் பெயர், நட்சத்திரம் சொல்லி ஒரு அபிஷேகத்துக்குக் கொடுத்தேன். தண்ணீர், பால், மறுபடி தண்ணீர். மஞ்சள் கரைந்து ஓட ஓட நான் பக்தியோடு குனிந்து பார்த்தேன். உச்சந்தலையில் அழுத்தமாக, பிசிறில்லாமல், அரசாங்கத்தின் குறி. கையெடுத்துக் கும்பிட்டேன், என் தொழில் வாழ்க்கையில் ஒரு கல்லை நான் மனசாரக் கும்பிட்டது அன்றுதான். என் பரவசத்தைப் பார்த்துப் பூசாரி பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்:

"எல்லாரு கண்ணுக்கும் தெரியாது சார். அது அம்மனோட நெத்திச்சுட்டி."

ஏழு அடுப்புகள்

வரைபடம் போட்டு மலர்கொடி கையில் கொடுத்தேன். மனுவோடு சேர்த்தார். தாலுகா சர்வேயர் வருகிற தேதி தள்ளிப்போனது, மறுபடியும் தள்ளிப்போனது. லோன் கொடுக்கிற இடத்தில் இனி ஒன்றரை மாதம்தான் பொறுப்போம் என்றார்கள். நான் கையைப் பிசைந்தேன். மலர்கொடி பிசையவில்லை. ஆடி மாதம் பிறந்தது. முதல் வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் தையல் ஹாலிலிருந்து முப்பது நாற்பது பெண்களோடு கன்னியம்மாவுக்கு விளக்கேற்ற வந்துவிட்டார். வாசலில் "பக்தர்கள் அனைவரும் வருக" என்று போர்டு வைத்தவர் முனிரத்தினம்தான், எப்படித் தடுப்பார்? அம்மனுக்குப் பேர் பரவுகிறது, மண்டபத்துக்கும் நல்லதுதான் என்று முதலில் சந்தோஷமாகவே இருந்தார். பெரிய பாத்திரம்கூட ஒன்று எடுத்துக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றினார்கள். அடுப்பை எங்கே கூட்டினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் இருந்த அந்த நாலடியில். கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. ஜனம் வரிசையில் நின்று குடித்தது. நானும் குடித்தேன். சாயங்காலம் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள், அடுப்புக் கற்களை எடுக்கவில்லை. அம்மனுக்குக் கூட்டிய அடுப்பை ஆடி முடியும்வரை கலைக்கக் கூடாதாம். அடுத்த வாரம் அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு அடுப்பு. ஆடி முடிவதற்குள் மூலைக்கல்லிலிருந்து வாசல் வரை, நான் போட்ட வரைபடத்துக் கோட்டின் மேலேயே, ஏழு அடுப்புகள் வரிசையாக நின்றன. மலர்கொடி என் வரைபடத்தை எவ்வளவு கவனமாகப் படித்திருக்கிறார் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்துத் தாலுகாவிலிருந்தெல்லாம் வேண்டுதல் வர ஆரம்பித்தது.

ஆவணி முதல் முகூர்த்தம் நெருங்கியது. அந்தப் பக்கம் கார் ஒன்றுகூட நிறுத்த முடியாது. முனிரத்தினம் வாட்ச்மேனை விட்டு அடுப்பை அகற்றச் சொன்னார். வாட்ச்மேன் அம்மன் குத்தம் ஆகும் என்று லீவு போட்டுவிட்டான். சரி, நானே எடுக்கிறேன் என்று இவர் வேட்டியை மடித்துக் கட்டினார். அப்போது சமையல்கட்டு வாசலிலிருந்து சரோஜா அம்மாள் கையில் கரண்டியோடு ஒரு குரல் கொடுத்தார்:

"கைய வெச்சுப் பாருய்யா. அந்த ஜேசிபிக்கு ஆனதுதான் உனக்கும்."

உபயம்

தாலுகா சர்வேயர் ஒருவழியாக வந்தார். என் வரைபடத்தைப் பார்த்தார், ஏழு அடுப்பைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னியம்மாவைக் கும்பிட்டார், கையெழுத்துப் போட்டார். லோன் கெடுவுக்கு நாலு நாள் பாக்கி இருக்கும்போது இனி வேறு வழியில்லை என்று முனிரத்தினமே ஆள் விட்டு இடிக்க, மதில் பழைய எல்லைக்கே திரும்பிப் போனது. மூலைக்கல் அதே வேப்பமரத்தடியில், இரண்டு பக்கத்திலிருந்தும் கும்பிடத் தோதாக ஒரு இடைவெளியோடு. மலர்கொடிக்கு இருபதடி முழுசாக வந்தது. கடக்கால் தோண்டுகிற அன்று எனக்கும் டில்லிபாபுவுக்கும் கேசரி கொடுத்தார். அதைச் சாப்பிடும்போது எனக்குக் கண் கலங்கியது. பாகாயத்து வாத்தியாரின் கலக்கத்தைவிட இது கொஞ்சம் நேர்மையானது என்று நம்புகிறேன்.

அப்போதுதான் அந்தப் பலகையைப் பார்த்தேன். மதில் முனையில் கருங்கல் பீடம் கட்டி, பளிங்குப் பலகை பதித்திருந்தார்கள். "கன்னியம்மன் பக்தர்கள் நலனுக்காக நாலடி நிலம் மனமுவந்து அளித்தவர்: மண்டபம் முனிரத்தினம்." மேலே ஒரு வெள்ளைப்புறா. முனிரத்தினம் பக்கத்திலேயே நின்றிருந்தார். "பெரியவங்களா இருந்தா ஒரு பெருந்தன்மை வேணும் சார். அந்த ரஷ்யாக்காரனுக்கு அது இல்ல, அதான் இத்தன வருசமா இழுக்குது" என்றார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. இதைச் சும்மா விடாதேம்மா, அந்தப் பெயரை அழிக்கச் சொல் என்று மலர்கொடியிடம் போனேன். அவர் பலகையைப் படிக்கவே இல்லை. குனிந்து பீடத்தின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டேப்பைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தோம். டில்லிபாபு முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, மூணு அங்குலம் இந்தப் பக்கம் வந்திருக்கிறது என்றார். மலர்கொடி கையிலிருந்த கேசரித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, முனிரத்தினத்துக்கும் கேட்கிற மாதிரி என்னிடம் சொன்னார்:

"பேரு அவருதே இருக்கட்டும் சார். மூணு அங்குலத்த மட்டும் இப்பவே எடுத்துக்கச் சொல்லுங்க."

இருபத்திரண்டு வருஷம் டேப் பிடித்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: எல்லை தூரத்தில் இருந்தால் நாமெல்லாம் நீதிபதிகள், சொந்த மதில் என்று வந்துவிட்டால் ஆளுக்கொரு வல்லரசு.